பிஸ்கட் டின்னில் ஒரு கொலர்

மலாயாவில், போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலை விட்டு இறங்கியபோது எங்கள் பெட்டிகளில் ஒன்றைக் காணவில்லை. போவதென்றால் என் சேலைப் பெட்டி போயிருக்கலாம், மாங்காய் ஊறுகாய் வைத்த பெட்டி போயிருக்கலாம். போனது தம்பியின் கல்யாணச் சட்டைகளும் கொலர்களும் இருந்த பெட்டி. பினாங்கில் இறக்கிவிட்டார்கள் என்றார் ஒருவர். இன்னும் கப்பலிலேயே இருக்கிறது என்றார் இன்னொருவர். அவர்கள் பேசி முடிப்பதற்குள் கப்பல் சிங்கப்பூருக்குப் புறப்பட்டுவிட்டது.

என் தம்பி ஜெயரத்தினம் கொழும்பில் கிளாக்கர். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். அப்பா அம்மா இல்லாதபடியால் மாப்பிள்ளை வீட்டார் என்றால் நான் ஒருத்திதான். பெண்ணின் தகப்பன் செல்லத்துரை, கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பெரிய கிராணி, எங்கள் ஊர்ப் பேச்சில் தலைமைக் கிளாக்கர். அவர் நகை கேட்கவில்லை, காணி கேட்கவில்லை. விறைத்த நெஞ்சுள்ள வெள்ளைச் சட்டையும், தனியாகக் கழற்றிப் பூட்டும் நிமிர்ந்த கொலரும் போட்டு மாப்பிள்ளை வர வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த நாகரிகம் செத்து எவ்வளவோ காலம். கொழும்பில் கடை கடையாக அலைந்து, தூசியை வாயால் ஊதித் தந்த ஒரு கிழட்டுக் கடைக்காரரிடம் ஆறு கொலர் வாங்கினேன். அந்த ஆறும்தான் இப்போது கடலில் போய்க்கொண்டிருந்தன.

தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் முள்கம்பி. அவசரகாலம் என்று பேப்பரில் படித்திருந்தேன். பேப்பரில் படிப்பது வேறு, பஸ்ஸை நிறுத்தி ஒரு பொலிஸ் பொம்பிளை என் இடுப்பைத் தடவிப் பார்ப்பது வேறு. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி வேலி, வேலிக்கு ஒரு கேட், கேட்டில் துப்பாக்கியோடு காவல். காட்டில் ஒளிந்திருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று ஒரு பிடி அரிசிகூடக் கேட்டைத் தாண்ட விடுவதில்லை. ஊரில் நாங்கள் மாடு உள்ளே வராமல் இருக்கத்தான் வேலி கட்டுவோம். இங்கே மனிதர் வெளியே போகாமல் இருக்கக் கட்டியிருந்தார்கள்.

பெட்டி தொலைந்ததைச் சொன்னதும் செல்லத்துரை முகம் கறுத்துப்போனது.

"மெல்லிய கொலர் வைச்ச சட்டை இருக்கு, அண்ணை. கொழும்பில இப்ப எல்லாரும் அதுதான் போடினம்," என்றேன்.

"தங்கச்சி, நான் இந்தத் தோட்டத்துக்குப் பெரிய கிராணி. ஒவ்வொரு நாளும் அந்தக் கேட்டில ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிக்கிறன். நேற்று வந்த பொடியன் என்ர சட்டைப் பையுக்குள்ள கை விடுறான். ஒரு நாள், என்ர பிள்ளையின்ர கல்யாணத்தண்டைக்கு, எங்கட பக்கம் மனுசர் மாதிரி நிக்கவேணும். அவ்வளவுதான் கேட்டனான்."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. நாளைத் தள்ளிவைப்போமா என்றால் அதற்கும் வழியில்லை. சனங்களைக் கூட்டவும் சோறு ஆக்கவும் பொலிஸ் அனுமதி கொடுத்தது அந்தச் சனிக்கிழமைக்கு மட்டும்தான். நாங்கள் வந்தது புதன்கிழமை. ஆகவே இரண்டு நாளுக்குள் கொலர் தேடப் புறப்பட்டேன். துணைக்கு மணப்பெண் மனோன்மணியே வந்தாள். அவளுக்கு மலாய் தெரியும், எனக்குத் தெரியாது.

கோலசிலாங்கூர் கடைத்தெருவில் ஒரு சீனத் தையற்காரர். கழுத்தைச் சுற்றி விரலால் வட்டம் போட்டுக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு என்னவோ சொன்னார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"சட்டை இல்லாமல் கொலர் மட்டும் கேட்கிறீங்களே, சட்டையை ஆர் திருடினது எண்டு கேக்கிறார், மச்சாள்," என்றாள் மனோன்மணி. கல்யாணத்துக்கு முன்பே மச்சாள்! எனக்கு வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது.

அங்கிருந்து பெர்ரிப் படகில் ஆற்றைக் கடந்து தஞ்சோங் காராங் போனோம். பெர்ரிக்குக் காத்திருந்த இடத்தில் ஒரு மலாய்க்காரி சுடச்சுட வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள். பயத்தில் பசி கூடும் என்பதை நான் அங்கேதான் கண்டேன், இலை நிறைய வாங்கித் தின்றேன். அக்கரையில் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல், நடுவே நேராக வெட்டிய வாய்க்கால்கள். எங்கள் பக்கத்தில் குளம் வற்றினால் வானத்தைப் பார்ப்போம். இங்கே வானம் எங்கள் தலையில்தான் கொட்டியது. கடைகளில் சாரம் இருந்தது, பனியன் இருந்தது. கொலர் என்றால் எல்லோரும் கையை விரித்தார்கள்.

வாய்க்கால் இலாகாக் கந்தோரில் வேலை பார்த்த ஓர் ஊர்க்காரரின் வீடு அங்கே இருப்பதாகச் செல்லத்துரை சொல்லியிருந்தார். போனோம். அவர் இறந்து போயிருந்தார். மனைவி தேத்தண்ணி தந்தாள்.

"கொலரோ? இருந்தது, டீச்சர். அவரோட போட்டுது," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் விளக்கிச் சொன்னாள். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குள் ஒரு வழக்கம். ஆம்பிளை கல்யாணத்தில் போட்ட சட்டையையும் கொலரையும் பத்திரப்படுத்தி வைப்பார்கள். பிறகு அதை இரண்டாவது தடவை போடுவது சவப்பெட்டிக்குள் படுக்கும்போதுதான். "இந்த டிஸ்ட்ரிக்ட்டில இருந்த கொலர் எல்லாம் சவக்காலையிலதான் கிடக்கு. உயிரோட இருக்கிற ஆக்கள் ஆருக்கும் குடுக்க மாட்டினம். ராசா ரோட்டுப் பக்கத்துத் தோட்டத்தில தம்பு எண்டு ஒரு கிராணி இருக்கிறார். நல்ல மனுசன். அவரைக் கேட்டுப் பாருங்கோ."

சாவுக்கு வைத்திருக்கும் உடுப்பைக் கல்யாணத்துக்கு இரவல் கேட்பதா? இரவெல்லாம் அதுதான் யோசனை. ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை.

விடிந்ததும் நான் மட்டும் புறப்பட்டேன். வழிக்கு இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்திருந்தார்கள். முதல் சோதனைச் சாவடியிலேயே பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சாப்பாடு அதற்கு அப்பால் போகக்கூடாதாம், வீசச் சொன்னார்கள். சாப்பாட்டை வீசுகிற குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. ரோட்டு ஓரத்தில் நின்றபடி, பஸ் நிறையச் சனம் பார்த்திருக்க, ஒவ்வொரு இடியப்பமாகத் தின்று முடித்தேன். காவல்காரன் பொறுமையாக நின்று, கடைசியில் தன் தண்ணீர்க் குடுவையை நீட்டினான்.

பத்தாங் பெர்ஜுந்தைக்கு அப்பால் பஸ் போகாது. செல்லத்துரை டெலிபோனில் சொல்லியிருந்ததால், தம்புவின் தோட்டத்து லோரியை ஓட்டிக்கொண்டு வந்து அங்கே ஒரு சின்னக் கிராணி காத்திருந்தான். பெயர் ஆசீர்வாதம். தகப்பன் அதே தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவர். மகன் படித்துக் கிராணியாகியிருந்தான். கழுத்துப் பட்டன் பூட்டாத சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, ஓயாத வாய், பேச்சின் கடைசியில் அந்த ஊர் வழக்கமாக ஒரு லா.

"டீச்சர், சுடுற சத்தம் கேட்டா தலைய குனிஞ்சுக்குங்க. எந்திரிச்சுப் பாக்காதீங்க. பாக்கணும்னு ஆச வரும், பாக்காதீங்க," என்றான். பிறகு நான் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு லோரியே அதிரச் சிரித்தான். "காலருக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? அது கழுத்துக்கு விலங்கு மாதிரி லா! எனக்குக் கல்யாணம்னா இப்படித்தான், தொறந்த கழுத்து. பொண்ணு ஓடிப்போனா போகட்டும்."

இரண்டு பக்கமும் ரப்பர் மரம் வரிசை வரிசையாக நின்றது. ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் யாரோ நிற்பது போலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. அவன் பேசிக்கொண்டே இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

தம்பு தடித்த மனிதர். காலையில் மரங்களுக்குள் சுற்றி ஆட்களின் வேலையை மேற்பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். அந்தக் காலத்தில் அதைவிட ஆபத்தான உத்தியோகம் இல்லை. நான் வந்த காரியத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தார். சட்டை, கொலர், இரண்டு பித்தளைப் பொத்தான். நேற்றுத்தான் கஞ்சி போட்டது போல இருந்தது.

"ஒவ்வொரு ஞாயிறும் மனிசி கஞ்சி போட்டு வைக்கிறவ," என்றார். "எங்கட வேலையில எப்ப தேவைப்படும் எண்டு தெரியாதே."

அவர் கழுத்தைப் பார்த்தேன், கொலரைப் பார்த்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. "இது இப்ப உங்களுக்கு அளவில்லையே?" என்று கேட்டுவிட்டேன்.

"பெட்டிக்குள்ள பின்பக்கம் ஆர் பாக்கினம், டீச்சர்? முன்னால பூட்டினாக் காணும்," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "கொண்டுபோங்கோ. கல்யாண வீடு, இல்லையெண்டு சொல்லக்கூடாது. ஆனா திங்கட்கிழமை இது திரும்பி இஞ்ச வரவேணும். நான் அதில்லாமல் போகக்கூடாது."

வருவேன் என்று வாக்குக் கொடுத்தேன். தேத்தண்ணி குடிக்க அவர் மனைவி கனகம் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். கூப்பிட்டவள் கதவைச் சாத்தினாள்.

"டீச்சர், திங்கட்கிழமை கொண்டுவராதேங்கோ."

"ஏன்?"

"உதுக்குக் கஞ்சி போடேக்கை எல்லாம் அவரைப் பெட்டிக்குள்ள வைக்கிற மாதிரி இருக்கு. விடிய வெளிக்கிட்டாரெண்டால், திரும்பி வருமட்டும் எனக்கு அந்த டின்தான் கண்ணுக்கு முன்னால நிக்கும். உது வீட்டை விட்டுப் போகட்டும். உடுப்பு வரும் வரைக்கும் அவர் போகமாட்டார். எவ்வளவு நாள் பிந்த ஏலுமோ அவ்வளவு பிந்துங்கோ. தொலைச்சாலும் நான் ஒண்டும் சொல்லன்."

நான் கணக்கு டீச்சர். இந்த மாதிரிப் பேச்செல்லாம் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அவள் என் கையைப் பிடித்திருந்த பிடியில், சரி என்று அவளுக்கும் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒரே வீட்டில் புருசனுக்கு ஒரு வாக்கு, பெண்சாதிக்கு நேர் எதிராக இன்னொரு வாக்கு.

திரும்பும் வழியில் சாவடியில் ஒரு வெள்ளைக்காரப் பொடியன் டின்னைத் திறந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். கொலரை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்து, "என் தாத்தாவுக்கு இதேபோல் ஒன்று இருந்தது," என்று இங்கிலீசில் சொன்னான். யாருக்கு என்று கேட்டான். கல்யாண மாப்பிள்ளைக்கு என்றேன். வாழ்த்துச் சொல்லி மூடித் தந்தான்.

கல்யாணம் நடந்தது. தம்பி ஜெயத்தின் கோட்டு புது மோஸ்தர், கொலர் பழைய மோஸ்தர். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடித்தன. தலையைக் குனிய முடியாமல் மோதிரத்தைத் தட்டுத்தடுமாறித்தான் போட்டான், பெண்ணைப் பார்க்க உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது. தோட்டத் துரை வந்து கைகுலுக்கினார். செல்லத்துரை அன்றைக்கு யாருக்கும் கை தூக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அவரைப் பார்த்தபோது, அலைந்த அலைச்சலுக்கு எனக்கு வருத்தம் இல்லை. ஊரடங்குக்கு முன் பந்தி முடிந்து, மிஞ்சிய சோற்றைக் காவல்காரர் முன்னிலையில் குழி வெட்டிப் புதைத்தோம். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிறு கொலரைக் கழுவிக் கஞ்சி போட்டேன். திங்கள் வந்தது. கஞ்சி சரியாகக் காயவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாய், மழை. டின் என் கட்டிலுக்குக் கீழே இருந்தது. கனகம் சொன்னது போலவே, எங்கே பார்த்தாலும் அது கண்ணுக்கு முன்னால் நின்றது. தம்புவுக்குச் சொன்ன வாக்கு ஒரு பக்கம் குத்தியது. எடுத்துக்கொண்டு போவோம் என்று எழும்பினால் கனகத்தின் பிடி கையில் தெரிந்தது. மூட நம்பிக்கை என்று என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான்.

புதன்கிழமை காலையில் செல்லத்துரை கந்தோரிலிருந்து பாதியில் வீட்டுக்கு வந்தார். ராசா ரோட்டுத் தோட்டத்தில் ஒரு கிராணியைச் சுட்டுவிட்டார்களாம். எந்தக் கிராணி? தெரியாது. டெலிபோன் கம்பியை அறுத்துவிட்டார்கள், விசாரிக்க வழியில்லை.

நான் டின்னைத் தூக்கினேன். கொண்டுபோனால், மனிதர் செத்துவிட்டார் என்று நானே தீர்ப்புச் சொன்னது போல. கொண்டுபோகாமல் விட்டு, செத்தது அவராகவே இருந்தால், அந்த ஒரே ஆசையும் நிறைவேறாமல் மண்ணுக்குள் போவார். ஆண்டவரே, இது என்ன கணக்கு என்று வாய்விட்டே கேட்டேன். பிறகு புறப்பட்டேன்.

அன்றைக்கென்று பஸ் சக்கரம் காற்றுப் போனது. டிரைவர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தபடி ஒரு சிகரெட் முழுவதையும் குடித்தார். பக்கத்தில் இருந்த ஒரு தமிழ்ப் பெண் என் மடியைப் பார்த்து, "பிஸ்கட்டா அக்கா? சாவடில புடுங்கிடுவாங்க," என்றாள். டின்னைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். சாவடியில் சோதனை செய்த பெண் டின்னைத் திறந்து யாருக்கு என்று கேட்டாள். போன வெள்ளிக்கிழமை எவ்வளவு இலகுவாகச் சொன்னேன். இப்போது, "தெரியாது," என்றுதான் வாயில் வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடித் தந்தாள்.

பத்தாங் பெர்ஜுந்தையில் லோரி நின்றது. ஓட்டுநர் வேறு ஆள், புதியவர். நான் எதையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

தோட்டத்துக் கேட்டைத் தாண்டியதும் தம்பு வீட்டு வாசலில் கனகம் நிற்பதைக் கண்டேன். அழுத கண். என் கையிலிருந்த டின்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் கொண்டுவந்தனீங்கள்? கொண்டுவராதேங்கோ எண்டு சொன்னனான் எல்லோ!"

அப்போது அவளுக்குப் பின்னால், உள்ளே இருந்து, "ஆரது? டீச்சரோ? திங்கட்கிழமை எண்டெல்லோ சொன்னனான்!" என்று ஒரு கோபக் குரல் கேட்டது. தம்புவின் குரல். உலகத்தில் எந்தக் குரலும் என்னை ஏசியதற்காக நான் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

அந்தச் சந்தோசத்துக்கு ஆயுள் ஒரு நிமிடம். செத்தது ஆசீர்வாதம். பால் நிறுக்கப் போன இடத்தில், மரங்களுக்குள் இருந்து சுட்டிருக்கிறார்கள். சத்தம் கேட்டதும் எழுந்து பார்த்தானா, குனிந்தானா என்று யாருக்கும் தெரியவில்லை.

தம்பு வெளியே வந்து என் கையிலிருந்த டின்னை வாங்கினார். கொஞ்ச நேரம் அதன் மூடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "வாருங்கோ. எங்கட கை தடிச்ச கை, உந்தப் பொத்தான் பூட்ட வராது," என்று சொல்லிவிட்டு லயத்தை நோக்கி நடந்தார்.

கனகம் தடுக்கவில்லை. எங்களுக்கு முன்னால் அவள்தான் வேகமாகப் போனாள்.

பெட்டிக்குள் அவன் அதே எண்ணெய்த் தலையோடு படுத்திருந்தான். கல்யாணம் ஆகாத பிள்ளை, அவனுக்கென்று எடுத்து வைத்த உடுப்பு ஒன்றும் இல்லை. நானும் அவன் தாயும் சட்டையைப் போட்டோம். கொலரைச் சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட கஞ்சி, வளைக்கச் சிரமமாக இருந்தது. விலங்கு லா என்று அவன் சிரித்தது காதில் கேட்டது. மன்னித்துக்கொள் தம்பி என்று மனதுக்குள் சொல்லிப் பொத்தானைப் பூட்டினேன். தாய் எட்ட நின்று பார்த்தாள்.

"கிராணி மாதிரியே இருக்கான்ல?" என்று எல்லோரையும் கேட்டாள். ஆம் என்றோம். அவள் திரும்பவும் கேட்டாள். திரும்பவும் ஆம் என்றோம்.

அடக்கம் முடிந்து வந்தபோது தம்பு வெறும் டின்னை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு இனி ஒண்டும் இல்லை, டீச்சர். கொழும்பில எங்கயாவது தேடி ஒரு கொலர் அனுப்பிவிடுங்கோ. மறக்கக்கூடாது."

அவர் முதுகுக்குப் பின்னால் கனகம் நின்றாள். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. என்னைப் பார்த்து, இல்லை என்று மெல்லத் தலையை ஆட்டினாள்.

நாங்கள் ஊருக்குத் திரும்பும் நாளில், சிங்கப்பூர் வரை போய்ச் சுற்றிய பெட்டி துறைமுகத்தில் எங்களுக்காகக் காத்திருந்தது. திறந்து பார்த்தேன். ஆறு கொலரும் கசங்காமல் இருந்தன. ஜெயம், "ஒண்டைத் தபாலில தம்பு ஐயாவுக்கு அனுப்புவமா, அக்கா?" என்று கேட்டான். பெட்டியை மூடு என்றேன்.

அவை இப்போது என் அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே இருக்கின்றன. ஒவ்வொரு நத்தாருக்கும் தம்புவிடமிருந்து கிறிஸ்மஸ் அட்டை வருகிறது. கால் உளைவு, துரை மாறிவிட்டார், மழை அதிகம் என்றெல்லாம் எழுதி, கடைசியில் கொலர் என்ன ஆயிற்று என்று கேட்பார். கொழும்பு முழுவதும் தேடிவிட்டேன், அந்த மோஸ்தர் இப்போது எங்கும் வருவதில்லை என்று பதில் போடுவேன். இந்த வருசத்து அட்டையிலும் அதே கேள்விதான். அதற்குக் கீழே, மூலையில், வேறு மையில், கனகத்தின் குண்டு எழுத்து:

"டீச்சர், ஆறுதலாய்த் தேடுங்கோ. ஓடித் திரிய வேண்டாம்."